சாவி கையில்தான் இருக்கிறது

சாவியை உருவிவிட்டேன்.
வண்டி நிற்கவில்லை.
கோட்டையூரில் ஒரு கல்யாண மண்டப வாசல்.
சந்தனக் கிண்ணம் நீட்டியவர்கள்
நீட்டிய கையோடு பார்த்து நிற்க,
தொண்ணூற்றாறாம் வருஷத்து டீசல் பென்ஸ்
விளக்கை அணைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்திக்கொண்டு,
இன்ஜினை மட்டும் விடாமல் ஓட்டியது,
போய்வருகிறேன் என்று நாலுதரம் சொல்லியும்
படியிறங்காத உறவுக்காரர் போல.

பட்டுப்புடவையை இடுப்பில் செருகி
பானெட்டைத் தூக்கினேன்.
மைதீன் பிச்சை காட்டித்தந்த இடத்தில்
விரலளவு ஒரு பிடி. மேலே எழுதியே இருக்கும்: ஸ்டாப்.
அழுத்தினேன். உடம்பை உதறிக்கொண்டு அடங்கியது.
முந்தானையில் மூன்று விரல் கிரீஸ்.
பந்தியில் அதை மடித்து மறைத்துச் சாப்பிட்டேன்.

காரணம் காற்று. சரியாகச் சொன்னால், காற்று இல்லாதது.
இந்த வண்டியில் கதவுகள் பூட்டிக்கொள்வதும்
இன்ஜின் அணைவதும் வெற்றிடத்தின் வேலை.
குழாயில் எங்கோ மயிரிழை வெடிப்பு;
உள்ளே இருக்கவேண்டிய ஒன்றுமில்லாதது
வெளியே போய்விடுகிறது.
மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினோம்.
தொலைந்த பொருளைத் தேடலாம்.
தொலைந்த ஒன்றுமில்லாததை எங்கே போய்த் தேட?

"எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்பார் மைதீன் பிச்சை,
செக்காலை ரோட்டுக் கொட்டகையில்
வண்டியடியில் மல்லாந்து படுத்தபடி.
பத்து நிமிஷம் கழித்து அதே வாய்
"எதுக்குத்தான் இப்படி யோசிச்சானோ" என்னும்.
ஊரே பெருமை பேசும் சம்பை ஊற்றுத் தண்ணீரைக்கூட
ரேடியேட்டருக்கு ஆகாது என்று தள்ளியவர்.
ஒருநாள் என் மருந்துக்கடைக்குச்
சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்
டிரிப் ஏற்றும் குழாயைப் பார்த்தார்.
விரலில் சுற்றினார், இழுத்தார், ஊதினார்.
மாத்திரையை மறந்து குழாயோடு போனார்.
நாலு மாதம் அதுதான் வண்டிக்கு நரம்பு.
சித்திரையில் விறைத்து முறிந்தது.

என் கணவர் சாத்தப்பன் தணிக்கையாளர்.
வருஷக் கடைசியில் வீட்டுக்கும் ஓர் ஐந்தொகை எடுப்பார்.
ஒவ்வொரு தடவையும் பேனா இங்கேதான் நிற்கும்:
"வண்டியைச் சொத்தில் வைக்கவா, கடனில் வைக்கவா?"
காயலான் கடையில் நாற்பதாயிரம் சொல்கிறார்கள்.
புதுப்பேட்டையிலிருந்து பஸ் பார்சலில் வந்த
ஜன்னல் மோட்டார் ஒன்றுக்கே பதினோராயிரம்.
"இந்தக் காசுக்கு வாடகைக் கார்..." என்று தொடங்குவார்.
முடிக்க விட்டதில்லை.

காலையில் அந்த மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை
சாவியைப் பாதித் திருகலில் பிடித்துக் காத்திருக்க வேண்டும்.
நாள் முழுவதிலும் நான்
யாருக்கும் பதில் சொல்லாத ஒன்பது நொடி அது.
கதவைச் சாத்தினால் இரும்புப்பெட்டி மூடுகிற சத்தம்.
திருப்பத்தூர் ரோட்டில் எண்பதைத் தொட்டதும்
ஐந்து சிலிண்டரும் ஒரே பேச்சாகிவிடும்.
ஐப்பசி மழைக்கு ஒற்றை வைப்பர்,
எட்டாத மூலைக்கும் எம்பி எம்பித் துடைக்கும்.
தூரம் காட்டும் மீட்டர்
இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்தில்
பல் உடைந்து நின்று ஆறு வருஷம்.
அதற்குப் பிறகு போனதெல்லாம்
சாத்தப்பன் கணக்கிலும் வராத ஊர்கள்.

நேற்று இரவு கடை பூட்டி வீடு வரப் பதினொன்று.
தெருவில் கரண்ட் இல்லை.
சாவியை உருவினேன். மறுபடியும்.
இருட்டில் இன்ஜின் மட்டும்.
காலையிலிருந்து கவுண்டரில் நின்ற கால்; நான் இறங்கவில்லை.
சாத்தப்பன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்,
வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டார், இறங்கினார்.
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
அவர் கையில் பானெட் திறக்கும் சத்தம்.
செல்போன் வெளிச்சம் குழாய்களுக்கிடையே அலைந்தது.

"அந்தப் பிடி எந்தப் பக்கம்?"

சொல்லலாம்.
கொஞ்சம் தேடட்டும்.